வலது பக்கத்து போல்ட்

காலையில் எழுந்தேன். பல் தேய்த்தேன். பாலை அடுப்பில் வைத்தேன். அது காய்வதற்குள் சட்டைக்கு இஸ்திரி போட்டேன். முதலில் காலர், பிறகு தோள்பட்டை, பிறகு கைகள், கடைசியில் முதுகு. முதுகுக்கு வந்தபோது பால் பொங்கியது. தினமும் முதுகுக்கு வரும்போதுதான் பொங்குகிறது.

அடுப்பைத் துடைத்தேன். மிச்சமிருந்த பாலில் காபி கலந்து நின்றபடியே குடித்தேன். ரொட்டியில் கருகிய பக்கத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஷெட் கதவைத் தூக்கினேன். சைக்கிள் உள்ளே, காருக்கும் சுவருக்கும் நடுவில் நிற்கும். அதை எடுக்க வயிற்றை எக்கிக்கொண்டு பக்கவாட்டில் நகர வேண்டும். நகர்ந்தேன். காரின் பின்பக்கம் கண்ணில் பட்டது.

இடது பக்கம் தாழ்ந்திருந்தது. வலது பக்கம் தூக்கியிருந்தது. ஒரே தோளில் கனமான பையை மாட்டிக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி.

என் மனைவி போன நாளிலிருந்து அப்படித்தான் நிற்கிறது.

கார் அவளுடையது. இரண்டே பேர் உட்காரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார். எங்கள் கல்யாணத்தைவிட அதற்கு வயது அதிகம். அவள் லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். பகலெல்லாம் லிஃப்ட்டின் தலைமேல் நின்று நட்டு இறுக்குவாள். சாயங்காலம் வந்து இதற்கு இறுக்குவாள். நான் ஆஸ்பத்திரியில் காது சோதனை செய்கிறவன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று சொல்வது என் வேலை. நான் சத்தமே அனுப்பாதபோதும் சிலர் அழுத்துவார்கள்.

போன வாரம் இந்த டைரியில் மாமா வரவில்லை என்று எழுதியிருந்தேன். மாமா என்றால் அவளுடைய அப்பா. டைல்ஸ் போடுகிறவர். ஞாயிறு தவறாமல் ஒரு காற்று பம்ப்போடு வருவார். காரின் இடது பின்சக்கரத்துக்குக் காற்றடிப்பார். பின்னால் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். தலையை ஆட்டிக்கொண்டு மறுபடி அடிப்பார். அந்த டயர் கல் மாதிரி ஆகிவிட்டது. முதல் ஞாயிறு ஷெட் சாவியைக் காணோம் என்று சொல்லிப் பார்த்தேன். அவரிடம் இன்னொரு சாவி இருந்தது.

போன ஞாயிறு மட்டும் வரவில்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதினேன். இன்று தெரிந்துவிட்டது.

இதில் இன்னொன்றும் எழுதியிருக்கிறேன். போகும்போது அவள் "அப்பா" என்றாள் என்று குடும்பத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்டபோது என் வாயிலிருந்து வந்தது அந்த ஒரு சொல்தான். அதற்கு மேல் வரவில்லை. அது பொய்யில்லை. முழுசும் இல்லை.

சைக்கிளை வெளியே இழுத்தபோது வாசலில் ஒருத்தி வழியை மறித்து நின்றாள்.

"அத்தான், சைக்கிளை உள்ள வைங்க. இன்னைக்கு லீவு சொல்லிடுங்க."

என் மனைவியின் தங்கை. பக்கத்து நகரத்தில் பல் டாக்டர். அக்கா அவளுக்கு வைத்த பெயர் பல்லி. இப்போது அவள் கிளினிக் நர்ஸ்கூட மறந்துபோய் அப்படிக் கூப்பிடுகிறாளாம். தோளில் ஒரு பை. காலடியில் சக்கரம் வைத்த இன்னொரு பெரிய பை.

"என்ன இவ்வளவு காலையில?"

"முதல் பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வர்றேன். அப்பா வந்துட்டாரா?"

"இல்லையே."

"நல்லவேளை." பெரிய பையை இழுத்துக்கொண்டு நேராக வீட்டுக்குள் போய் வைத்துவிட்டு வந்தாள். "அப்பா வர்றார். சுத்தியல், உளி, ஒரு மூட்டை சிமெண்ட். தரையை உடைக்கப் போறாராம்."

"எந்தத் தரையை?"

"நீங்க நிக்கற தரையை."

குனிந்து பார்த்தேன். சாம்பல் நிற டைல்ஸ். கார் வாங்கியபோது மகளுக்காக அவரே போட்டுக் கொடுத்தது. வேலை முடிந்த அன்று எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்து, உள்சுவர் ஓரத்தில் ஒரு கோலிகுண்டை வைத்து விரலை எடுத்தார். தண்ணீர் ஓடுவதற்காக வாசல் பக்கம் லேசான வாட்டம். கோலி நேராக வாசலுக்கு ஓடிவந்தது. இடமும் சாயவில்லை, வலமும் சாயவில்லை. அவள் விசில் அடித்தாள். மாமா சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"எதுக்கு உடைக்கணும்?"

"எதுக்கா? கார் சாஞ்சு நிக்குதுல்ல. டயர்ல காத்து அடிச்சுப் பாத்தாராம், சரியாகல. அப்ப தரைதான் இறங்கியிருக்கும்னு முடிவு பண்ணிட்டார். ரசமட்டம் வெச்சுப் பாத்தா சரியா காட்டுது. கோலி விட்டா நேரா ஓடுது. ஆனா கார் சாயுது. எதை நம்பறதுன்னு என்னைக் கேக்கறார். நான் என்னத்தைச் சொல்ல, நான் பல்லு பாக்கறவ."

சைக்கிளைச் சுவரில் சாய்த்தேன்.

"அதோட நிக்கல அத்தான். வேலைக்குப் போறதை நிறுத்திட்டார். ஒரு பெரிய வீடு, எல்லா ரூமும் இவருதான் போடணும்னு வந்து கேட்டிருக்காங்க. போகல. 'மக வீட்டுத் தரையையே கோணலாப் போட்டவன், ஊரார் வீட்டுக்கு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது'ங்கறார். கண்ணு போயிடுச்சுன்னு முடிவே பண்ணிட்டார். இதை உடைச்சு நேரா போட்டுட்டு, கருவியெல்லாம் யாருக்காவது குடுத்துடப் போறாராம்."

காற்றடிப்பது அவருக்கு ஏதோ ஆறுதல் என்று நினைத்திருந்தேன். வாரத்துக்கு ஒரு முறை இங்கே வர ஒரு சாக்கு. அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. இந்த மாதங்களில் எதையுமே அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"தரை சரியாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப கார் ஏன் கோணலா நிக்குது?"

"இடது பக்கம் போல்ட் மாத்தியிருக்கு. வலது பக்கம் மாத்தல."

"யார் மாத்தினா?"

"உங்க அக்கா. அன்னைக்குக் காலையில."

பல்லி தோள்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்துத் திறந்து காட்டினேன். உள்ளே ஒரு குட்டை போல்ட், கறுத்தது. ஒரு நீள போல்ட், புத்தம் புதுசு. இரண்டு ரப்பர் வளையங்கள். நட்டில் செருகுகிற ஒரு சின்னக் கம்பிப் பின்.

"இந்தக் கார்ல பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது. குறுக்கே ஒரு பட்டை. வில் மாதிரி. நடுவுல வண்டியோட உடம்புல பிடிச்சிருக்கும். ரெண்டு நுனியும் ரெண்டு சக்கரத்து பக்கமும் ஒவ்வொரு போல்ட்ல தொங்கும். போல்ட் நீளமா இருந்தா நுனி இன்னும் கீழ தொங்கும். வண்டி தாழ உக்காரும்."

"ஊஞ்சல் கயிறு மாதிரி."

"ஆமா."

"இப்ப ஒரு கயிறு நீளம், ஒரு கயிறு குட்டை."

"ஆமா."

"ஏன் தாழ்த்தணும்னு நினைச்சா? அப்பா அந்தக் கோழி விஷயம் சொன்னதுக்கா?"

அதற்குத்தான். காரை முதலில் பார்த்தபோது மாமா சொன்னார்: 'பின்னாடியைத் தூக்கிக்கிட்டு, கோழி மண்ணைக் கொத்தற மாதிரி நிக்குது.' அவளுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. நீள போல்ட் வரவழைத்தாள். அதைக் கேள்விப்பட்டு அவர் கத்தினார். 'லிஃப்ட் குழியில தொங்கறது போதாதா, கார் அடியில வேற போய்ப் படுக்கணுமா?' சரிப்பா, படுக்கல என்று சொல்லிவிட்டாள். ஒரு காலையில் நான் எழுவதற்கு முன்பே போய்ப் படுத்துவிட்டாள்.

"இதை அப்பாகிட்ட ஏன் அத்தான் சொல்லல? இத்தனை மாசமா?"

"சொல்லக் கூடாது."

"யார் சொன்னது?"

டின்னை மூடினேன்.

"சரி, இப்பவாவது ஃபோன் போட்டுச் சொல்லிடலாம்."

"நம்புவாரா? ஆறுதலுக்கு ஒரு கதை கட்டறோம்னு நினைப்பார். அவர் வர்றதுக்குள்ள அந்தப் பக்கத்தையும் போட்டுடுவோம். கண்ணால பாக்கட்டும்."

"நீங்க போட்டிருக்கீங்களா இதுக்கு முன்ன?"

"நான் விளக்குப் பிடிக்கிறவன்."

"பிரமாதம்" என்றாள். "நான் வாய்க்குள்ள வேலை செய்யறவ. கார் பொழைச்சா அதிர்ஷ்டம்."

ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்து லீவு சொன்னேன். பல்லி தலைமுடியை உயரக் கட்டிக்கொண்டாள். அவள் ஃபோன் அதிர்ந்தது. பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"கிளினிக்கா?"

"இல்ல."

முன்சக்கரங்களுக்கு மரக்கட்டை முட்டுக் கொடுத்தோம். ஜாக்கியால் பின்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டுகளில் உட்காரவைத்தேன். தோளால் இடித்துப் பார்த்தேன். அசையவில்லை. வலது சக்கரத்தைக் கழற்றி ஓரமாகச் சாய்த்தோம்.

அவள் தன் பையிலிருந்து ஒரு நெற்றி விளக்கையும் வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியையும் எடுத்தாள். நான் பார்த்தேன்.

"என்ன? தொழில் சாமான். எங்க போனாலும் வரும்."

"வலது பக்கம் என்ன செய்யணும்னு இடது பக்கத்தைப் பாத்தா தெரியும். அவ எப்படிப் போட்டாளோ அப்படியே போடணும். முதல்ல அங்க பார்."

அவள் இடது சக்கரத்துக்குப் பின்னால் படுத்து, கண்ணாடியை உள்ளே நீட்டினாள். பிறகு:

"அடிப்பாவி!"

"என்ன?"

"இது என் நெயில் பாலிஷ்."

எனக்குத் தெரியும். நட்டின் மேலிருந்து போல்ட்டின் மேல்வரைக்கும் ஒரே கோடு. கத்தரிப்பூ நிறம். இறுக்கிய நட்டுக்குக் கோடு போடாவிட்டால் என் மனைவிக்குத் தூக்கம் வராது. கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வேலையில் அதற்கென்று பெயிண்ட் உண்டு. வீட்டில் கையில் கிடைத்தது.

"கடைசியா அவ இருக்கறப்ப வந்தப்ப தொலைஞ்சதுன்னு வீடு பூரா தேடினேன். கூடவே தேடினா அத்தான், கட்டிலுக்கு அடியிலெல்லாம் தேடினா. திருடி. எவ்வளவு நேரா போட்டிருக்கா பாருங்க."

அவள் குரல் மாறியிருந்தது. நான் ஸ்பேனரைத் தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். நெற்றி விளக்கு என் முகத்தில் அடித்தது.

"அத்தான், ஒரு சந்தேகம். இந்த நீள போல்ட்டைக் கழட்டிட்டு பழைய குட்டையை இங்க திருப்பிப் போட்டாலும் கார் நேராகிடும்ல? எல்லாம் பழையபடி ஆகிடும். எப்படியும் ஒரு பக்க வேலைதான்."

"அந்த நட்டுல நான் கை வைக்க மாட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

"வலது பக்கம் வாங்க" என்றாள்.

பட்டையின் வலது நுனிக்குக் கீழே ஜாக்கியை வைத்தேன். ஜாக்கி வழுக்காமலிருக்க நுனியில் ஒரு கிளாம்ப் மாட்டினேன். இடது நுனியில் அன்று என் மனைவி மாட்டிய இடத்தில் தூசு நசுங்கிய தடம் இருந்தது. அதே இடம். ஜாக்கி ஏற ஏறப் பட்டை வளைந்தது. போல்ட்டின் மேலிருந்த பாரம் குறைந்தது. நட்டுக்குக் குறுக்கே செருகியிருந்த பின்னை குறடால் உருவ வேண்டும். துருப்பிடித்து வரவில்லை.

"தள்ளுங்க" என்று பல்லி உள்ளே புகுந்தாள். "பிடுங்கறது என் வேலை." இடமும் வலமும் ஆட்டி, ஒரு திருகு திருகி உருவிவிட்டாள். "வேரோட வந்துடுச்சு. துப்புங்க."

நான் சிரித்தேன் போலிருக்கிறது. அவள் ஒரு கணம் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

நட்டைக் கழற்றினேன். ஜாக்கியை மெதுவாக இறக்கினேன். பட்டை மூச்சு விடுவதுபோல் கீழே வந்து நின்றது. பழைய போல்ட் கையோடு வந்தது. புதுசை மேலிருந்து நுழைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் ஒரு வண்டி நின்றது. கனமாக ஏதோ இறங்கியது.

நான் காருக்கு அடியில் இருந்தேன். அங்கிருந்து ஒரு ஜோடி கால்கள் மட்டும் தெரிந்தன. சிமெண்ட் கறை ஊறிய செருப்பு.

"பல்லி, நீ எங்க இங்க?"

"சும்மாப்பா. அத்தானைப் பாத்துட்டுப் போலாம்னு."

"மூஞ்சியெல்லாம் கரி. மாப்பிள்ளை எங்க?"

"இங்க மாமா" என்றேன்.

கால்கள் இரண்டடி முன்னால் வந்து நின்றுவிட்டன.

"வெளிய வாங்க. முதல்ல வெளிய வாங்க மாப்பிள்ளை. இறங்கின தரை இது. இதுமேல ஜாக்கி வெச்சுட்டு அடியில படுத்திருக்கீங்க. சறுக்கினா என்ன ஆகும்? ஒருத்தி போனது போதாதா?"

"ஸ்டாண்டு இருக்கு மாமா. தரையும் கெட்டியா இருக்கு."

"அதை நான் சொல்லணும்."

"சின்ன வேலை. முடிச்சுட்டு வண்டியை எடுத்துடறேன். அப்புறம் உங்க இஷ்டம்."

கால்கள் போயின. திரும்பி வந்தன. சிமெண்ட் மூட்டையைத் தரதரவென்று இழுத்துவந்து காரின் முன்சக்கரத்துக்கு அண்டைகொடுத்து வைத்தார். தரையைப் புதுசாகப் போடக் கொண்டுவந்த மூட்டை. அதன்மேலேயே உட்கார்ந்தார்.

"நான் உக்காந்திருக்கேன். வண்டி எங்க போகுதுன்னு பாக்கறேன். செய்ங்க."

ஜாக்கியை மறுபடி ஏற்றினேன். பல்லி ரப்பர் வளையத்தை மாட்டினாள். நட்டைக் கையால் சுற்றினாள்.

டொக். டொக். மாமா சுத்தியல் பிடியால் டைல்ஸைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது பாக்கறவர்தானே நீங்க. கேளுங்க. உள்ள பொள்ளலா கேக்குதா?"

கேட்டேன். டைல்ஸுக்குக் கீழே வெற்றிடம் இருந்தால் சத்தம் பானையில் தட்டியதுபோல் வரும். இது அப்படியில்லை.

"கெட்டியா இருக்கு மாமா. ஒவ்வொண்ணும்."

"மனசுக்காகச் சொல்றீங்க."

டொக். டொக்.

"அன்னைக்கு நான் யாரோ ஒருத்தர் வீட்டு பாத்ரூம்ல உக்காந்து டைல்ஸ் வெட்டிட்டிருந்தேன்" என்றார். எங்கள் இருவரையும் பார்த்துச் சொல்லவில்லை. "மெஷின் சத்தத்துல ஃபோன் அடிச்சதே தெரியல. தாய் இல்லாம வளத்த பொண்ணு. போறப்ப 'அப்பா'ன்னு கூப்பிட்டிருக்கா. நான் போகல. அதுக்கப்புறம் எது நேரா தெரியுது? தரை என்னா, சுவர் என்னா."

நட்டைச் சுற்றிக்கொண்டிருந்த பல்லியின் கை நின்றது. என்னைப் பார்த்தாள். நான் நட்டைப் பார்த்தேன்.

"இன்னும் எத்தனை மரை வேணும் அத்தான்?" என்றாள் கடைசியில்.

"அந்தப் பக்கம் நட்டுக்குக் கீழ எவ்வளவு மரை தெரியுதோ அவ்வளவு."

அவள் இடது பக்கம் ஊர்ந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் ஸ்பேனரால் இறுக்கினேன். நட்டின் வெட்டும் போல்ட்டின் துவாரமும் நேராக வந்ததும் புதுப் பின்னை அவள் செருகி இரண்டு காலையும் மடக்கினாள். அவள் விரல் போகிற இடத்தில் என் விரல் போகாது. சக்கரத்தை மாட்டினோம். ஸ்டாண்டுகளை எடுத்தோம். ஜாக்கியை இறக்கினேன்.

மூவரும் வாசல் பக்கம் போய் நின்று பார்த்தோம்.

வலது பக்கம் தூக்கியே நின்றது. முன்பைவிடக்கூட அதிகமாக. இப்போது இடதும் கொஞ்சம் தூக்கியிருந்தது. இரண்டும் இரண்டு விதம்.

"அத்தான்?" பல்லியின் குரல் கிணற்றிலிருந்து வந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மரை சரி. குறுக்குப் பின் சரி. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன். விளக்குப் பிடிக்கிறவன் அதோடு நின்றிருக்க வேண்டும்.

"பாத்தீங்களா?" என்றார் மாமா. கோபம் இல்லை. வருத்தம்கூட இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நீங்க நட்டைத் திருகி என்ன பண்றது? வண்டியில ஒண்ணுமில்ல. அடியில இருக்கு கோளாறு."

உள்ளே போய் இடது சுவர் ஓரம் குந்தினார். இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டில் உளியை வைத்தார். சுத்தியலை ஓங்கினார். ஒரு அடி. நகத்தளவு சில்லு பறந்துபோய்ச் சுவரில் பட்டது.

"அப்பா, நிறுத்துங்க!" பல்லி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம். அத்தான், இது இன்னும் கடிக்கல."

"என்ன?"

"பல்லுக்கு ஃபில்லிங் போட்டதும் நல்லா கடிங்கன்னு சொல்லுவேன். வாயைத் திறந்தே வெச்சிருந்தா அது எப்படி உக்காரும்? இது இவ்வளவு நேரம் அந்தரத்துல தொங்கிட்டிருந்துச்சு. இப்பத்தான் இறக்கினோம். டயர் தரையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்குது. ஒரு தடவை ஓடிட்டு வரட்டும்."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு தடவை ஜாக்கியிலிருந்து இறக்கும்போதும் என் மனைவி காரை வெளியே எடுத்து உள்ளே விடுவாள். அன்று காலையிலும் இன்ஜின் சத்தம் கேட்டது. பெருமைக்குச் செய்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஆனால் தரைக்கு வாசல் பக்கம் வாட்டம் இருந்தது. மாமா போட்ட வாட்டம். முட்டுக் கட்டைகளை எடுத்தேன். மூட்டையை நகர்த்தினேன். கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன்.

அவள் போனபின் முதல் தடவை. இருக்கை அவள் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் முட்டின. இருக்கையைப் பின்னால் தள்ளவில்லை. ஹேண்ட் பிரேக்கை எடுத்தேன்.

கார் தானாகப் பின்னால் உருண்டது. நேராக. கோலிகுண்டு போன அதே வழியில். தெருவுக்கு வந்ததும் பிரேக்கை அழுத்தினேன்.

பின்னால் 'கொடக்' என்று ஒரு சத்தம். இடுப்புக்குக் கீழே ஏதோ இறங்கியது. லிஃப்ட் கிளம்பும்போது வயிற்றில் இறங்குமே, அந்த மாதிரி.

"தள்ளுங்கப்பா, உள்ள தள்ளுங்க!" பல்லி கத்தினாள். மாமா வேண்டாவெறுப்பாக வந்து தோளைக் கொடுத்தார். வாட்டத்தில் ஏற்றுவது எளிதாக இல்லை. இரண்டு பேரும் முனகினார்கள். "எமன் கனம் கனக்குது, ரெண்டு சீட்டு வண்டிக்கு என்ன கொழுப்பு" என்றார். உள்ளே போனோம். மறுபடி வெளியே விட்டேன். மறுபடி தள்ளினார்கள். பிரேக்கை இழுத்துப் பிடித்துவிட்டு இறங்கினேன்.

மாமா முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். திரும்பினார். வழக்கம்போல் தள்ளி நின்றார். ஒரு கண்ணை மூடினார்.

வெகுநேரம் மூடியே வைத்திருந்தார். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து இன்னொன்றை மூடினார்.

பல்லியின் ஃபோன் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

மாமா பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தார். வேட்டி நுனியால் துடைத்தார். காரின் பின்மூடி விளிம்பில் குறுக்காக வைத்தார். கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்தார். குமிழி கொஞ்சம் அலைந்து, இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றது.

"தரை?" என்றார்.

"நீங்க போட்டப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு மாமா."

"என் கண்ணு?"

"அதுவும்."

அவர் அங்கேயே சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார். கொத்துகிற கோழி போய்விட்டது. கார் படுத்த பூனை மாதிரி தாழ நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

பல்லி பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். இரண்டு குட்டை போல்ட்டையும் கையில் கொடுத்தாள். ஊஞ்சல் கயிற்றுக் கணக்கைச் சொன்னாள். பிறகு அவரைக் காருக்குப் பின்னால் குனியவைத்து, விளக்கை அடித்து, கண்ணாடியை உள்ளே நீட்டினாள்.

"தெரியுதாப்பா? கத்தரிப்பூ கலர்ல."

"யார் போட்டது?"

"அக்கா. என் பாட்டில்லருந்து திருடி."

மாமா பார்த்தார். மரையை எண்ணுவதுபோல் உதடு அசைந்தது. நிமிர்ந்தபோது முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"எவ்வளவு நேரா இழுத்திருக்கா" என்றார். பிறகு, "பல்லி, உன் ஃபோன் அடிச்சுக்கிட்டே இருக்கே. சின்ன மாப்பிள்ளையா?"

"இருக்கட்டும்பா."

"உள்ள அவ்வளவு பெரிய பை எதுக்கு?"

"அது அப்புறம்பா. இன்னைக்கு வேண்டாம்."

அவர் அவளைப் பார்த்தார். கேட்கவில்லை. தன் பாதத்துக்கு அருகில் சில்லு பெயர்ந்த இடத்தை விரலால் தடவினார்.

"இதை நாளைக்கு வந்து சரி பண்ணிடறேன். அப்படியே அந்தப் பெரிய வீட்டுக்காரரையும் பாத்துட்டு வரணும்" என்றார். பிறகு என்னிடம் திரும்பினார். "மாப்பிள்ளை, அன்னைக்கு என்னைக் கூப்பிட்டாளே. இதைக் காட்டத்தானா?"

என் கையில் கிரீஸ் இருந்தது. துணியில் துடைத்தேன். போகவில்லை.

"கூப்பிடல மாமா" என்றேன்.

பல்லி திரும்பிப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில கேட்டப்ப நான் ஆரம்பிச்சதோட நின்னுட்டேன். வாய் வரல. எல்லாரும் அந்த ஒரு வார்த்தையையே வெச்சுக்கிட்டாங்க. அவ உங்களைத் தேடிக் கூப்பிடல. நீங்க வராம போனீங்கன்னு எதுவும் இல்ல. ரெண்டு பக்கமும் முடியற வரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். இப்ப முடிஞ்சிடுச்சு. முழுசா சொல்றேன்."

மாமா மூட்டைமேல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டிருந்தேன். முதுகுப் பக்கம். பால் பொங்கற நேரம். ஷெட்டுலருந்து ஓடிவந்து, கிரீஸ் கையோடயே அடுப்பை அணைச்சா. கதவுல சாஞ்சுக்கிட்டு என்னைப் பாத்துச் சிரிச்சா. சொன்னா. சொல்லிட்டு அப்படியே கீழ உக்காந்தா. அதுக்கப்புறம் பேசல."

"என்ன சொன்னா?"

சொன்னேன். அவள் சொன்னபடியே.

"அப்பாகிட்ட இப்போ சொல்லிடாத. ரெண்டு பக்கமும் முடிச்சுட்டு நானே கூட்டிட்டு வந்து காட்டுறேன். அதுவரைக்கும் ஷெட்டுப் பக்கம் விடாத. அந்தக் கண்ணுக்கு ஒரு நூல் கோணல்கூடத் தப்பாது."